குழம்புக்கு எடுத்த மீன்

இறால் தொக்கு என்றால் ஒரு காலத்தில் எனக்கு உயிர். இப்போது பக்கத்து வீட்டில் அது வதங்கும் வாசனை வந்தாலே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுக்கிறார்கள். பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அருவருப்பு. எண்ணூரில் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று சிநேகிதர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதற்குக் காரணம்.

மூன்று பேரும் திருவொற்றியூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தேய்த்தவர்கள். ஒருவன் எண்ணூர்க் குப்பத்துக்காரன், மீனவன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறான். கடலில் காற்று பலமாக இருக்கும் நாட்களில் ஆற்றில் வலை போடுவான். ஆறு என்று அவர்கள் சொல்வது, ஆலைகளுக்கு நடுவே நெளிந்து போய்க் கடலில் சேரும் முகத்துவாரத்துத் தண்ணீரை. இன்னொருவன் அந்த ஆலைகளில் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டி ஒற்றை அறையில் வளர்ந்தவன், இப்போது மாதவரத்தில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டில் இருக்கிறான். மூன்றாவது நான். என் அப்பா தெற்கிலிருந்து பிழைக்க வந்து போட்ட ஹார்டுவேர் கடையை உருட்டிக்கொண்டிருக்கிறேன். மீனவனுக்குக் கயிறு விற்பேன், ஆலைக்காரனுக்குப் பெயின்ட் விற்பேன். இரண்டு பக்கமும் சிரித்தே பழக்கப்பட்ட வாய் எனக்கு.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலையில் ஆலையை விரிவாக்குவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். விரிவாக்கம் கூடாது என்று மீனவன் பேசப்போகிறான். ஆற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆலையால் ஒரு கெடுதலும் இல்லை என்று அதிகாரி பேசப்போகிறான். ஒரே மைக்கில், ஊர் முன்னால். எனக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. மேடையில் முட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், மறுநாள் எவ்வளவு பேசினாலும் சிநேகிதம் உடையாது என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். மீனவனிடம் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. "எங்க வூட்லயே வெச்சிக்கலாம் மாமு. அவனையும் இட்டாந்துடு" என்றான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு அங்கே போக இன்னொரு காரணமும் இருந்தது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவளுக்கு மீனவனின் மனைவி செய்யும் இறால் தொக்கு மட்டும் இறங்கியது. அந்தத் தங்கச்சி திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் விற்பவள். கூடையோடு வரும்போது வாரம் தவறாமல் ஒரு தூக்குச் சட்டியில் தொக்கைப் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். "முழுகாம கீற பொண்ணு, ஆசப்பட்டத துன்னணும்ணா" என்பாள். என் மகள் அதற்காகவே காத்திருப்பாள். நானும் வேறு எங்கேயும் இறால் வாங்குவதை விட்டுவிட்டேன். ஆற்று இறால் எது, கடல் இறால் எது என்று சந்தையில் யார் கண்டார்கள்? இவன் வீட்டில் இருந்து வருவது என்றால் பயமில்லை.

பயமில்லை என்று நான் நம்பியதற்குக் குழம்பு மீன் காரணம். படகு கரைக்கு வந்ததும், பிடித்ததை எல்லாம் விற்கிற கூடையில் கொட்டுவதற்கு முன்னால், வீட்டுக்கு என்று ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள். அதுதான் குழம்பு மீன். அதை விற்க மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள். தன் பெண்டாட்டி பிள்ளை சாப்பிடுவதற்கு எடுத்தது அது. பள்ளிக்கூட நாளிலேயே அவன் எனக்கும் மற்றவனுக்கும் அந்தப் பங்கில் இருந்துதான் பையில் சுருட்டிக் கொண்டுவந்து தருவான். "குழம்புக்கு எடுத்ததுடா" என்பான். அதற்கு மேல் மரியாதை அந்தக் குப்பத்தில் கிடையாது. உன்னை என் வீட்டு ஆளாக வைத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருஷமாக அவன் கொடுத்த எதையும் நான் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி தன் காரில் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ஞாயிற்றுக்கிழமையும் ஆலையில் உட்காரவைத்து, மறுநாள் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். வாசலில் கிடந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆலைப் புகைபோக்கியில் இருந்து வந்து படிகிற சாம்பல் எந்த நாற்காலியிலும் இருக்கும், அந்த ஊரில் அதை யாரும் பார்ப்பதில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தக் கைக்குட்டையை அப்புறம் வேறு மாதிரி பார்க்கப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உள்ளே பாய் விரித்துத் தட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தங்கச்சி என்னிடம் பிரிட்ஜின் மேலிருந்த தூக்கைக் காட்டினாள். "பொண்ணுக்கு எடுத்து வெச்சிட்டேன்ணா, போம்போது மறந்துடாத." சுடச்சுட சோறு, சங்கரா மீன் குழம்பு, வறுத்த நெத்திலி, ஒரு சட்டி நிறைய இறால் தொக்கு. தொக்கை எங்கள் இரண்டு பேர் தட்டிலும் அள்ளி அள்ளி வைத்தாள்.

"ஆத்து எறா. காத்தால நானே புடிச்சேன்" என்றான் மீனவன். அதை அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

எனக்கு ஒரு நொடி திக்கென்றது. ஆறு எப்படி இருக்கிறது என்று தெரியாதவனா நான்? ஆனால் அவன் வீடு, அவன் பெண்டாட்டி சமைத்தது. "குழம்புக்கு எடுத்ததுதானே?" என்று கேட்டேன். "துன்றா மொதல்ல" என்றான். தின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, தட்டை வழித்து வழித்துத் தின்றேன். மறுசோறு வாங்கி அதற்கும் தொக்கு கேட்டேன். விரலைச் சப்பினேன். பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். போட்ட கணக்கு பலித்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

அதிகாரியும் நன்றாகத்தான் சாப்பிட்டான். அப்படித்தான் தெரிந்தது. தட்டில் வைத்த தொக்கு குறைந்துகொண்டே வந்தது. "பிரமாதம்மா, பிரமாதம்" என்று இரண்டு தடவை சொன்னான். அப்போதுதான் அவனுடைய சட்டைப்பையின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு எண்ணெய்க் கறை மெல்லப் பரவுவதைப் பார்த்தேன். பேனா கசிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சிவப்பு மையா என்று யோசிப்பதற்குள் தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, சட்டைல கொட்டிகினியா? இரு, துணி தரேன்."

"ஒண்ணும் இல்லம்மா, வுடு" என்று இடது கையால் பையைப் பொத்திக்கொண்டான்.

"மஞ்சாக் கறைண்ணா, அப்டியே வுட்டா போவாது" என்று அவள் ஈரத்துணியோடு குனிந்தாள். நல்ல மனசோடுதான் குனிந்தாள். அவன் இன்னும் இறுக்கிப் பொத்தினான். பொத்தப் பொத்தக் கறை பெரிதானது. மீனவன் எட்டி அவன் கையை விலக்கிவிட்டுப் பையில் இருந்ததை வெளியே இழுத்தான். நாற்காலி துடைத்த அதே கைக்குட்டை. அது பிரிந்து இறால் எல்லாம் பாயில் உதிர்ந்தது. அதில் ஒன்று பாதி மென்றது. வாயில் போட்டு, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் துப்பி, மடித்துப் பையில் வைத்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லியிருக்கிறான்.

நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்த எச்சில் இறாலைப் பார்த்து மட்டும் இல்லை. மீனவன் சிரித்துக்கொண்டிருந்தான். கோபம் வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்பதுபோல் சிரித்தான்.

"பாத்துகினியா மாமு? நாளிக்கி மைக்க புடிச்சிகினு தண்ணி சுத்தமா கீதுன்னு பேசப்போறவரு. இங்க பொட்டலம் கட்டி ஜோபில வெச்சிக்கிறாரு."

"எனக்கு எறா ஒத்துக்கறதில்லடா. அலர்ஜி. டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றான் அதிகாரி.

"போன மாசம் உன் வூட்டு விசேஷத்துல எறா பிரியாணி போட்டு நீயும் துன்னியே. அன்னிக்கி அலர்ஜி லீவுல போச்சா?"

நான் நடுவில் புகுந்தேன். "சாப்பாட்டுல உக்காந்துகினு இன்னாடா இது, வுடுங்கடா" என்றேன். மீனவன் என் பக்கம் திரும்பினான். "நீ சும்மா இரு. ரெண்டு மாசமா கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்த பேசுடான்னு கூவிகினு கீறேன். கட கீது, கட கீதுன்னே. ஆலைக்காரன் பெயின்ட் வாங்க மாட்டான்னு உனுக்கு பயம்." அதில் பொய் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மீனவனின் மகன் அந்த ஆலையில்தான் ஒப்பந்தத் தொழிலாளி. "உன் புள்ள எந்த கேட்டு வழியா வேலைக்கிப் போறான்? நான் சொல்லி உள்ள வெச்ச புள்ளதான அவன்? ஆலை வேணான்னு பேசறதுக்கு முன்னாடி அவன வெளிய கூப்டுக்கோ" என்றான் அதிகாரி. "ஆறு நல்லா இருந்தா என் புள்ள ஏண்டா உன் கேட்டாண்ட வந்து நிக்கப்போறான்?" என்றான் இவன். "உங்கப்பன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரத்தம் குடுத்தவன் நான்" என்றான் அவன். "உன் கல்யாணத்துக்கு உன் பொண்டாட்டி வூட்ட ஒத்துக்க வெக்க அவங்க வாசல்ல நின்னு அடி வாங்கினவன் நான்" என்றான் இவன். ஒருவன் கொடுத்த ரத்தத்தையும் ஒருவன் வாங்கிய அடியையும் தராசில் வைத்து எடை போட்டார்கள். என் கடையில் ஆணியை அப்படித்தான் நிறுப்போம். இத்தனை வருஷமும் இதை எல்லாம் மறக்காமல் அடுக்கி வைத்துக்கொண்டா கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்? தங்கச்சி பாயில் கிடந்த இறாலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளிக்கி அத்தினி பேர் முன்னாடியும் சொல்லுவேன்" என்றான் மீனவன். "ஆத்து எறாவ ஜோபில ஒளிச்சிகினு போனான் இந்த ஆபீசருன்னு."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சாப்பாடு போடக் கூப்பிடவில்லை. கூட்டத்தில் சொல்வதற்கு ஒன்று வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறான். நான் போய் அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அதிகாரி மீனவனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சொல்லு. உன் தட்டுல இன்னா கீதுன்னும் சேத்து சொல்லு" என்றான்.

நானும் பார்த்தேன். என் தட்டு விளிம்பு வரைக்கும் சிவப்பெண்ணெய். அவன் தட்டில் குழம்புச் சோறு, ஓரத்தில் சங்கரா முள், இரண்டு நெத்திலி. தொக்கு ஒட்டின சுவடே இல்லை. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தங்கச்சி தொக்குச் சட்டியை எங்கள் இரண்டு பேர் பக்கம் மட்டும்தான் கொண்டுவந்தாள். புருஷன் பக்கம் போகவே இல்லை. அவனும் கேட்கவில்லை. தினமும் நடக்கிற வழக்கம்போல் அது நடந்தது.

"நீ துன்லியா?" என்று கேட்டேன்.

சங்கரா முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"டேய், இது குழம்புக்கு எடுத்தது இல்லியா?"

"ஆத்துல குழம்புக்குன்னு எடுக்கறத வுட்டு ரொம்ப நாளாவுது" என்றான். "எங்க வூட்ல யாரும் துன்றதில்ல. இது விக்கற கூடைல இருந்து எடுத்தது."

விற்கிற கூடை. அவன் சத்தம் போடாமல் சொன்னான், எனக்குக் காது அடைத்துவிட்டது. "அப்ப இவ்ளோ நாளு எனக்குக் குடுத்தது?" என்றேன். உடனே எகிறினான். "நான் இன்னா பண்ணட்டும்? புடிச்சத திரும்ப ஆத்துலயே கொட்டிட்டு பட்டினி கெடக்கட்டுமா? ஊரு வாங்குது, நான் விக்கறேன். தண்ணி எப்டி கீதுன்னு உனுக்குத் தெரியாதா? தெனம் அந்தப் பாலத்து மேலதான மூக்கப் பொத்திகினு போற?"

அதிகாரி சிரித்தான். பையில் எண்ணெய்க் கறையோடு, பெரிய நியாயவான் மாதிரி சிரித்தான். அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டி ஆற்றில் தள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. என் வாய் மட்டும் வேறு எதையோ சொன்னது. "என் பொண்ணு முழுகாம கீறாடா" என்றேன்.

தங்கச்சி பதறி எழுந்தாள். "ஐயோ, பொண்ணுக்குப் போயி இத குடுப்பனாண்ணா? அதுக்கு மட்டும் காசிமேட்ல இருந்து கடல் எறாவா பாத்து வாங்கியாந்துதான் செய்றேன். என் புள்ள மேல சத்தியம்." பிரிட்ஜின் மேலிருந்த தூக்கை எடுத்தாள். "ஆறிப்போச்சி, சூடு பண்ணித் தரேன்" என்று அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தூக்கை என் கையில் கொடுத்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

யாரும் யாருக்கும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வெளியே அதிகாரி கார்க் கதவைத் திறந்து, "வா, எறக்கி வுடறேன்" என்றான். "பாத்தியா, இவனுங்க புத்தியே இவ்ளோதான்" என்றும் சேர்த்துக்கொண்டான். கொருக்குப்பேட்டையில் சோற்றுக்கு இல்லாத நாளில் இவன் குடும்பம் மீனவன் கொண்டுவந்த குழம்பு மீனைத் தின்றுதான் உடம்பு வளர்த்தது. நான் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மறுநாள் கூட்டத்துக்கு முதல் தடவையாகக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆறு செத்துவிட்டது என்று ஒருவன் பேசினான். ஆறு நன்றாக இருக்கிறது என்று இன்னொருவன் பேசினான். இறாலைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அதைச் சொன்னால் அதிகாரியின் பையும் வெளியே வரும், மீனவனின் தட்டும் வெளியே வரும். சண்டையில் கிழிந்த சிநேகிதம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நன்றாக வேலை செய்தது. அதைத் தின்றவன் நான், எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அவர்களோடு பெஞ்சைத் தேய்த்தவன்தானே.

ஆனால் அந்தக் கூட்டத்தைவிட என்னை இன்றுவரை அரிப்பது முந்தின நாள் ராத்திரி என் வீட்டுச் சாப்பாட்டு வேளைதான். ஷேர் ஆட்டோவில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, தங்கச்சி செய்த சத்தியத்தை நம்பலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவளும் பிள்ளை பெற்றவள். ஆணுக்கு ஆண் ஆயிரம் வஞ்சம் இருக்கும், வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் அவள் அதைக் காட்டமாட்டாள். வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். என் கையிலிருந்து தூக்கை வாங்கி மூடியைத் திறந்தாள்.

"இன்னைக்கு எறா இல்லியாப்பா?"

எட்டிப் பார்த்தேன். உள்ளே சங்கரா மீன் குழம்பு. நடுத்துண்டுகளாகப் பார்த்துப் போட்டிருந்தாள். மீனவன் தன் தட்டில் வைத்துச் சாப்பிட்டானே, அதே கடல் மீன் குழம்பு. சூடு பண்ணப் போனவள் தொக்கைக் கொட்டிவிட்டுத் தன் வீட்டுச் சட்டியில் இருந்து அள்ளி நிரப்பியிருக்கிறாள். காசிமேட்டுக் கடல் இறாலாக இருந்திருந்தால் அதை ஏன் மாற்ற வேண்டும்? அப்படியென்றால் இத்தனை வாரமாக என் மகள் வழித்து வழித்துத் தின்றது எந்தக் கூடையில் இருந்து வந்தது என்று இதற்கு மேல் நான் யாரைப் போய்க் கேட்பது?

எவ்வளவோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் குழம்புக்கு எடுத்த மீன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

மகள் ஒரு துண்டை எடுத்து முள் நீக்கிச் சோற்றில் பிசைந்தாள். நன்றாகத்தான் இருந்தது போல, வேகமாகச் சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் வயிற்றின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் அத்தைய எறாவே செய்யச் சொல்லுப்பா. இதுவும் அதத்தான் கேக்குது."

"சொல்றேம்மா" என்றேன்.